அவர் கைக்குச் செய்த துவக்கு

சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டப் போன ஜெகதீஸ்வரிக்கு விரல் வழுக்கியது. "கொஞ்சம் ஆடாமல் நில்லுங்கோவன்" என்று புருசனில் எரிந்து விழுந்தாள். கிருஷ்ணராசா ஆடவில்லை. கட்டிலோரத்தில் நட்டுவைத்த கம்பம் மாதிரித்தான் நின்றார்.

எத்தனையோ வருசமாக அவருக்குப் பொத்தான் பூட்டிவிடுவது அவள்தான். நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் வலக்கையை மெசின் இழுத்தது. சுட்டுவிரல் பாதியோடு போயிற்று. பெருவிரல் இருக்கிறது, மடங்காது. லண்டனுக்கு வந்து தோர்ண்டன் ஹீத்தில் பூட்டுகளுக்குத் திறப்பு வெட்டும் கடை போட்டு, அந்தக் கையாலேயே அரம் பிடித்து ஊருக்கெல்லாம் திறப்பு வெட்டிக் கொடுக்கிறார். பொத்தானுக்கு மட்டும் அவள் வேண்டும். பிள்ளை குட்டி இல்லாத வீடு. இதிலாவது ஒரு பராமரிப்பு இருக்கட்டும் என்று அவளும் சந்தோசமாகத்தான் செய்துவந்தாள். இன்று அந்தக் கையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கீழே தெருவில் வான் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. பாலேந்திரா வந்துவிட்டார். இந்தப் பக்கத்தில் தமிழர் வீட்டில் சாவு விழுந்தால் ஐயருக்கு முதல் பாலேந்திராவுக்குத்தான் போன் போகும். பெட்டி, மாலை, ஹோல், நோட்டீஸ் எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். ஒரு சதம் வாங்கமாட்டார். நல்ல மனிதர், வாய்தான் ஓயாது.

"அக்கா, வெளிக்கிட்டாச்சோ?" என்று படிக்கட்டுக்குக் கீழே நின்றே கத்தினார். "சுடலைக்காரர் தந்த நேரத்துக்கு மேலை ஒரு நிமிசம் தரமாட்டாங்கள். அடுத்த பெட்டி வாசலிலை வந்து நிண்டிடும். இந்த ஊரிலை செத்தாலும் அவசரம்தான்."

செத்தது ஜெகதீஸ்வரியின் ஒரே தம்பி நிர்மலன். இரண்டு கிழமைக்கு முன் கென்ட் பக்கம் ஒரு பண்ணைக்கு அத்தான் கிருஷ்ணராசாவோடு முயல் சுடப் போனவன், அத்தானின் துவக்கு வெடித்து நெஞ்சில் பட்டு அந்த வயலிலேயே முடிந்துபோனான். உடலை வெட்டிப் பார்த்துத் தைத்து முந்தாநாள்தான் கொடுத்தார்கள். மரண விசாரணை இன்னும் முடியவில்லை. எங்கள் சனம் அதை எப்போதோ முடித்துவிட்டது. அவன் தானாகத்தான் சுட்டுக்கொண்டான் என்று வெம்பிளி முதல் வால்தம்ஸ்டோ வரைக்கும் தீர்ப்பு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா?

ஊரை மட்டும் குற்றம் சொல்லவும் ஏலாது. ஊரில் சண்டை முடிந்த அந்த 2009 மே மாதம் நிர்மலனுடைய பெண்சாதி சந்திரவதனாவின் தாயும் தகப்பனும் வன்னியில் முடிந்துபோனார்கள். அதற்கு முந்திய கிழமைகள் முழுக்க அவன் வேலைக்குப் போகாமல் சண்டையை நிறுத்தச் சொல்லிப் பார்லிமென்டுக்கு முன்னால் நின்று கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தான். அதற்குப் பிறகு கதை பேச்சே இல்லை. சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு சுவரைப் பார்ப்பான். "இனி என்னத்துக்கு அக்கா?" என்பான். அந்த வருசம் லண்டனில் அப்படிக் கேட்காத தமிழர் ஆர்? இவன் கேட்டுவிட்டுச் செத்துப்போனதால் அது சாட்சியாகிவிட்டது.

"பெடியனுக்குக் கொஞ்சம் காத்துப் படட்டும்" என்று கூட்டிப்போனது கிருஷ்ணராசா.

நடந்த உண்மை இரண்டு பேருக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் இந்த அறைக்குள்ளேயே நின்றார்கள். ஒருவர் பொத்தான் பூட்டிவிட, மற்றவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துவக்குப் பைத்தியம் அவருக்கு நோர்வேயில் தொற்றியது. அங்கே அது புதினமில்லை, பக்கத்து வீட்டுக்காரனே காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினான். லண்டனுக்கு வந்தும் மனிசன் விடவில்லை. லைசென்ஸ் எடுத்து, பொலிஸ் வந்து வீட்டைப் பார்த்து, சுவரில் இரும்புப் பெட்டி பூட்டி, ஒரு கிழவனிடம் சின்னத் துவக்கு ஒன்று வாங்கினார். ஒவ்வொரு வெடிக்கும் போல்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய வகை. முயலுக்கு மேல் ஒன்றுக்கும் ஆகாது. "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனத்துக்குள்ளை இப்பிடியும் ஒரு விசரன்" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அதை எண்ணெய் போட்டுத் துடைக்கிற நேரத்தில் மட்டும்தான் அந்த மனிசனுக்கு விசில் வரும். அதற்காகவே விட்டுவிட்டாள்.

கரைச்சல் என்னவென்றால், அந்தத் துவக்கு விரல் முழுதாக உள்ளவனுக்குச் செய்தது. சேஃப்டியைப் பெருவிரலால் முன்னுக்குத் தள்ளினால்தான் வெடிக்கும், பின்னுக்கு இழுத்தால் பூட்டு. மடங்காத பெருவிரலால் அந்தச் சின்னக் குமிழைத் தள்ள அவரால் ஏலவில்லை. தள்ளி முடிக்கும் முன் முயல் பிரான்சுக்கே போய்விடும் என்று சொல்லிச் சிரிப்பார். போன பனிக்காலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குசினி மேசையில் அதைக் கழற்றி வைத்துக்கொண்டு மண்டையைச் சொறிந்துகொண்டிருந்தவரிடம், அடுப்பைப் பார்த்தபடி அவள்தான் சொன்னாள்.

"தள்ள ஏலாட்டில் இழுக்கிற மாதிரி மாத்துங்கோவன். இதுக்குப் போய் ஏன் மண்டையை உடைக்கிறியள்?"

"எடியே, உனக்கு இருக்கிற மூளை எனக்கு இல்லையே!" என்று துள்ளி எழும்பினார்.

பனிக்காலம் முழுக்க அதே வேலை. திறப்பு வெட்டும் பித்தளையில் நீளமாக ஒரு பிடி செய்து சேஃப்டியில் பொருத்தினார். திசை தலைகீழாயிற்று. இழுத்தால் வெடிக்கும், தள்ளினால் பூட்டு. விசையை நடுவிரலால்தான் அமத்துவார், அந்த விரலிலும் பலமில்லை. அதனால் விசையையும் இளக்கினார். மேசை விரிப்பெல்லாம் எண்ணெய். அவள் திட்டித் திட்டி டோர்ச் பிடித்தாள். கடைசியில் குண்டில்லாத துவக்கை அவளிடம் நீட்டி அமத்திப் பார்க்கச் சொன்னார். விரல் பட்டதுதான் தெரியும், டிக்கென்றது.

"ஐயோ, மூச்சு விட்டாலே வெடிக்கும் போலை கிடக்கே!"

"என்ரை கைக்குத்தானே. வேறை ஆர் தொடப்போகினம்?"

லைசென்ஸ் அவருடையது, இன்னொருத்தர் தொட்டாலே குற்றம். துவக்கு வேலை தெரிந்த ஆளிடம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலை அது. திறப்பு வெட்டுகிறவனுக்கு இது என்ன பெரிய வித்தை என்று அவருக்கு ஒரு கொழுப்பு. அவளுக்கும் அதில் பெருமைதான்.

துவக்கு வெடித்த அன்றைக்குப் பொலிஸ் அவரை வீட்டில் விட்டுப் போன பிறகு பாத்டப் விளிம்பில் இருந்துகொண்டு கிருஷ்ணராசா எல்லாவற்றையும் சொன்னார். முயல் ஒன்று தெரிந்தது, குண்டு போட்டார், அது ஓடிவிட்டது. சேஃப்டியைப் பூட்டிக்கொண்டு நடந்தார்கள். முள்ளுக்கம்பி வேலி வந்தது. அந்தக் கையோடு துவக்கையும் வைத்துக்கொண்டு ஏற முடியாது. மச்சானிடம் கொடுத்தார்.

"குண்டை எடுத்துப்போட்டுக் குடுத்திருக்கோணும் ஜெகதீஸ். பூட்டித்தானே கிடக்குது எண்டு நினைச்சிட்டன். அவன் கவனமாய்த்தான் வாங்கினவன். வாங்கி, பூட்டுறன் எண்டு நினைச்சுப் பின்னுக்கு இழுத்தவன். ஜக்கெட் கையோ கம்பியோ விசையிலை பட்டிட்டுது. முந்தி நான் அவனுக்குப் பழக்கினது அப்பிடித்தானே. மாத்தினதைக் காருக்குள்ளை சொன்னனான். விளங்கிச்சோ எண்டும் கேட்டனான். ஓம் அத்தான் எண்டவன்."

தம்பியின் 'ஓம் அத்தான்' எப்படிப்பட்ட ஓம் என்று அவளுக்குத் தெரியும். காதில் விழுந்ததோ விளங்கியதோ, மூத்தவர்கள் சொன்னால் அவனுக்கு ஓம்தான். தாய் செத்த பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். பெரியாட்கள் கதைக்கும்போது திருப்பிக் கேட்காதே, ஓம் என்று சொல்லப் பழகு என்று குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தவளும் அவள். சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டான், பாவி.

வயலில் வைத்துப் பொலிஸ் கேட்ட முதல் கேள்வியே சேஃப்டியை மாற்றியது யார் என்பதுதான். மச்சானின் இரத்தம் கையில் காயவில்லை. வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று வாய் சொல்லிவிட்டது. விற்ற கிழவன் செத்துப்போனது வசதியாயிற்று. பிறகு ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று. நான் ஒதுக்குப்புறமாகப் போன நேரம் அவனாகத்தான் துவக்கை எடுத்தான் என்றார். அடுத்த நாள் அவளைக் கேட்டார்கள். அவர் துவக்கில் வேலை செய்து நான் கண்டதே இல்லை என்று குசினி மேசையில் கையை வைத்துக்கொண்டே சொன்னாள்.

துவக்கு வாங்கும்போதே அப்படி, எடுத்தது அவனாக என்ற இரண்டு பொய்யையும் கூட்டிப் பார்த்தால் நிர்மலன் தற்கொலைக்காரன். அது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

சுடலை ஹோல் நிரம்பி வெளியிலும் சனம் நின்றது. பெட்டி திறந்திருந்தது. தம்பிக்கு யாரோ தலையைத் தப்பான பக்கம் சீவிவிட்டிருந்தார்கள். ஜெகதீஸ்வரி விரலால் கோதிச் சரிப்படுத்தினாள். அந்தக் குளிர் விரலில் ஏறியதும் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். என்ரை ராசா, என்ரை குஞ்சு என்று சொல்லத்தான் முடிந்தது. மன்னிச்சுக்கொள் என்று சொல்ல வந்தது, பக்கத்தில் ஆட்கள் நின்றபடியால் அதை விழுங்கினாள்.

நிர்மலனுக்கு ஒரு பெட்டைப் பிள்ளை மட்டும்தான். சந்திரவதனாவின் சகோதரங்கள் வவுனியா முகாமில் கம்பிக்குள் இருந்தார்கள். ஆண் உறவென்று லண்டனில் மிஞ்சியது மச்சான்காரன். அதனால் கிருஷ்ணராசாதான் வேட்டியைக் கட்டி, மேலுடம்பு வெறுமனே, தருப்பை மோதிரத்தோடு ஐயருக்குப் பக்கத்தில் நின்றார். ஐயர் சொன்ன இடத்தில் தண்ணீர் விட்டார். சொன்ன இடத்தில் அரிசி போட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை.

சந்திரவதனா கடைசி வரிசையில் இருந்தாள். பெட்டிக்குக் கிட்ட வரவில்லை. பிள்ளை ஜதுர்ஷிகாவையும் விடவில்லை. மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"பெட்டியை மூடப்போறம், பெண்சாதியைக் கூப்பிடுங்கோ" என்றார் ஐயர்.

பெண்கள் போய்ச் சுற்றிவளைத்தார்கள். சந்திரவதனாவோடு ஒரே ஷிப்டில் வேலை செய்யும் நகுலேஸ்வரி அவளுடைய தோளைப் பிடித்து, "எழும்பும் பிள்ளை, பிறகு நினைச்சாலும் பாக்க ஏலாது. ஒருக்காப் பாத்திட்டு வாரும்" என்று கெஞ்சினாள்.

"நான் பாக்கேல்லை."

"அப்பிடிச் சொல்லாதையும்."

"என்ரை அம்மா அப்பா சாகவேணும் எண்டு நினைச்சுச் செத்தவையில்லை அக்கா. பங்கருக்குள்ளை கிடந்து உயிருக்கு மண்டாடினவை. இவருக்கு என்ன? குண்டா விழுந்தது? சாப்பாடு இல்லையா? என்னையும் பிள்ளையையும் ஒரு சொட்டு நினைக்காமல் தன்ரை பாட்டிலை போனவர். அவற்றை முகத்தை நான் ஏன் பாக்கோணும்?"

குரல் உயரவில்லை. ஆனாலும் ஹோல் முழுக்கக் கேட்டது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கிருஷ்ணராசா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார். கதிரைகளுக்கு நடுவால், ஈர வேட்டி காலில் தடக்கத் தடக்க, பின் வரிசைக்கு நடந்தார். ஜெகதீஸ்வரி எழும்பினாள். இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ என்று பின்னால் ஓடினாள். அவர் திரும்பவில்லை. சந்திரவதனாவுக்கு முன்னால் போய் முழங்காலில் இருந்தார்.

"தங்கச்சி, அவன் தானாச் செய்யேல்லை. நான்தான். சேஃப்டியைத் தலைகீழா மாத்தினது நான். விசையைத் தேய்ச்சு இளக்கினது நான். குண்டோடை அவன்ரை கையிலை குடுத்ததும் நான். பூட்டுறன் எண்டு நினைச்சுத் திறந்திட்டானம்மா. பொலிஸுக்கு நான் பொய் சொன்னனான். அவன் உன்னை விட்டிட்டுப் போகேல்லை. உன்னட்டைத் திரும்பி வரத்தான் கவனமாப் பூட்டினவன்."

சந்திரவதனா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் அழுதது பாலேந்திரா. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து கிருஷ்ணராசாவின் தோளை அணைத்தார்.

"காணும் அண்ணை, காணும். எழும்புங்கோ." பிறகு சனத்தைப் பார்த்துச் சொன்னார். "பாத்தியளோ? மச்சான்ரை பேர் கெடக்கூடாதெண்டு மனிசன் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணவும் ஆயத்தமா நிக்குது. இந்தக் காலத்திலை ஆர் செய்வினம்?"

"பாலேந்திரா, நான் உண்மையைச் சொல்றன்!"

"ஓமண்ணை, ஓம். எங்களுக்கு விளங்குது."

எங்கள் சனத்துக்கு இதுதானே பழக்கம். குடித்து ஈரல் போனவனை மாரடைப்பு என்போம். தானாகப் போனவனை வழுக்கி விழுந்தான் என்போம். நோட்டீஸ் எழுதும்போதே பாதிப் பேர் வேறு காரணத்தில்தான் சாவார்கள். செத்தவீட்டில் ஒருவன் எழும்பி, செத்தவனில் பிழையில்லை, பிழை என்னில்தான் என்று சொன்னால் அதைப் பெருந்தன்மை என்று எடுக்கத் தெரியுமே தவிர, உண்மை என்று எடுக்க ஒருவருக்கும் பழக்கமில்லை. கிருஷ்ணராசா கத்தக் கத்தச் சனம் இன்னும் கூட அழுதது. "என்ன மனசு" என்று யாரோ ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள்.

சந்திரவதனா பிள்ளையை இறக்கிவிட்டு எழுந்தாள். கிருஷ்ணராசாவைத் தாண்டி, பின்னால் நின்ற ஜெகதீஸ்வரியைப் பார்த்தாள். முகத்தில் என்னவோ ஒன்று திறந்துகொண்டு வந்தது. இரண்டு கிழமையாக இல்லாத ஏதோ ஒன்று.

"மச்சாள், நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் எனக்குப் பொய் சொல்லமாட்டியள். அண்ணை சொல்றது உண்மையோ?"

கிருஷ்ணராசா முழங்காலில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தார். சொல்லு என்று கேட்கிற பார்வை.

ஒரு சொல் போதும். தம்பிக்காரன் நல்லவனாகத் தன் பெண்சாதி முகம் பார்க்க நெருப்புக்குள் போவான். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு பொலிஸ், கோடு, வழக்கு, மறியல். மாத்துங்கோவன் என்று சொன்ன வாய் யாருடையது என்ற கேள்வி. ஜெகதீஸ்வரி அந்த நேரம் தம்பியை நினைத்தாள் என்று சொன்னால் அது பொய். பின்னேரம் வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே யார் இருப்பார்கள் என்றுதான் நினைத்தாள். ஒருவரும் இல்லாத அந்த வீடு அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது. தம்பி போய்விட்டான், இனி வரமாட்டான். இருக்கிறது இந்த ஒரு மனிசன்.

"இல்லை வதனா" என்றாள். "உம்மடை மனம் ஆறட்டும் எண்டு சொல்றார். அந்தத் துவக்கு வாங்கேக்கையே அப்பிடித்தான் இருந்தது."

சந்திரவதனாவின் முகம் திரும்ப மூடிக்கொண்டது. தலையை ஆட்டினாள். குனிந்து கிருஷ்ணராசாவின் ஊனமான கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள்.

"என்ரை சொந்த அண்ணன் நிண்டாலும் இப்பிடிச் சொல்லமாட்டான். நீங்கள் இவ்வளவு சொன்னதே எனக்குக் காணும் அண்ணை. எழும்புங்கோ. ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார், நேரம் போகுது."

அவள் பெட்டியடிக்குப் போகவில்லை. பிள்ளையைத் திரும்ப மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

பாலேந்திராவும் இன்னொருவருமாகக் கிருஷ்ணராசாவைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி முன்னுக்குக் கொண்டுபோனார்கள். மூடியைப் போட்டுத் திருகினார்கள். சுடலைக்கார வெள்ளைக்காரன் மரியாதையாகக் குனிந்து பெட்டியை உலைக்கு அனுப்ப அமத்த வேண்டிய, சுவரில் இருந்த பொத்தானைக் காட்டினான். கிருஷ்ணராசா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐயர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், பிறகு கொஞ்சம் பலமாகச் சொன்னார். கடைசியில் பாலேந்திராதான் அவருடைய கையை எடுத்துப் பொத்தானில் வைத்து, அதற்கு மேல் தன் கையை வைத்து அமத்தினார். திரை மூடியது. ஜெகதீஸ்வரி சத்தம் போட்டு அழுதாள். அவளுக்காக நாலு பேர் சேர்ந்து அழுதார்கள். அத்தனை பேருக்கு நடுவில் அவளுக்கு நாய்கூடப் பக்கத்தில் இல்லாத மாதிரி இருந்தது.

பின்னேரம் அவரவர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு எல்லோரும் நிர்மலன் வீட்டில் கூடினார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. அக்கம்பக்கத்தவர்கள்தான் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சனம் சாப்பிட்டது. கிருஷ்ணராசா வீட்டுக்குள் வரவில்லை, தெருவில் தன் காருக்குள்ளேயே இருந்தார். போன ஒவ்வொருவரும் கண்ணாடியில் தட்டி, கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஜெகதீஸ்வரி வெளிக்கிடும்போது சந்திரவதனா குசினிக்குள்ளிருந்து கூப்பிட்டாள். விளக்குக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய நிர்மலனின் படம், மாலையும் இல்லாமல் பிரிட்ஜுக்கும் சுவருக்கும் இடையில் செருகியிருந்தது.

"வதனா, அவன்ரை படம்?"

"நான் வைக்கேல்லை மச்சாள். உங்களுக்கு வேணுமெண்டால் கொண்டுபோங்கோ."

அதை உருவித் துடைத்து ஜெகதீஸ்வரியின் கக்கத்தில் வைத்தாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் சோற்றைப் போட்டு, குழம்பை ஒரு பக்கமாக ஊற்றி, மைக்ரோவேவில் சூடாக்கி, கை சுடாமல் துணியில் சுற்றினாள். அன்று முழுக்க அழாதவளுக்கு அதைக் கொடுக்கும்போதுதான் கண் கலங்கியது.

"அண்ணை காலமையிலையிருந்து பச்சைத்தண்ணியும் குடிக்கேல்லை. இதைக் குடுங்கோ. நான் தந்ததெண்டு சொல்லுங்கோ, சாப்பிடுவார்."

ஜெகதீஸ்வரி காருக்குள் ஏறினாள். படத்தைப் பின் சீற்றில் கவிழ்த்து வைத்தாள். பெட்டியை மடியில் வைத்து மூடியைக் கொஞ்சம் திறந்தாள்.

"வதனா தந்தவ" என்றாள்.

கிருஷ்ணராசா நேரே பார்த்துக்கொண்டிருந்தார். காரை ஸ்டார்ட் பண்ணவில்லை. வெளியே மழை தூறியது. சோற்றின் ஆவி முன்கண்ணாடியில் மெல்லப் படர்ந்து ஏறித் தெருவை மறைத்தது. இரண்டு பேரும் துடைக்கவில்லை.